புளிக்கும் மாத்திரை

அன்பு மகனுக்கு,

உனக்கு எழுதும் கடிதங்களை எல்லாம் 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பயப்படாதே, யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கப்பல் மெட்ராஸ் வருகிறது என்று நீ எழுதியதை உன் அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன். அதற்குக் கீழே, அம்மாவின் மாத்திரையிலேயே வீரியம் கூடினது ஒன்று சிங்கப்பூர் கடைக்கு வந்திருக்கிறது, வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அதையும் வாசித்துத் தொலைத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, அது வேண்டாம் என்று அவள் எதிரில் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் அவள் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிற நேரம் பார்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்காதே. வீரியம் கூடினதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். ஏன் என்று கேட்பாய். கப்பலில் சமையல் வேலை முடிந்தபின் உனக்குக் கொஞ்சம் பொழுது கிடைக்குமே, அப்போது பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு வயிற்று வலி என்றுதான் இதுவரை உனக்கு எழுதி வந்தேன். வயிறு அல்ல, மூத்திரப்பை. பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற சமாசாரமா இது என்று அவள் தடுத்ததால் 'அடிவயிறு' என்பதில் 'அடி'யைக்கூட விட்டுவிட்டு வெறும் வயிறு என்று முடித்தேன். யுத்தத்தில் குண்டு விழும் என்று ஊரே காலியானபோது நாமும் ஓடினோமே, திரும்பி வந்து இந்த ராயபுரம் காம்பவுண்டில் குடியேறிய பிறகு ஆரம்பித்தது அது. இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கொல்லையில் ஒரே ஒரு கக்கூஸ் என்பது உனக்குத் தெரியும். காலையில் வேலைக்கு ஓடுகிற ஆண்களுக்குத்தான் முதல் இடம். பெண்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அடிக்கடி போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்று உன் அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அதனால்தான் வந்ததா, வேறு எதனாலாவதா, எனக்குத் தெரியாது. நான் துறைமுகத்தில் டாலி குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்குக் கோடு போடுகிறவன். கண்ணுக்குத் தெரிவதைத்தான் எனக்கு எண்ணத் தெரியும்.

எப்படி வலிக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள மொளகாத் தூளக் கொட்டி ஆரோ தேய்க்கிற மாரி கீது" என்றாள். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வந்து உட்காருவதற்குள் திரும்பப் போக வேண்டும் போல இருக்கும். சில வாரம் தணிந்திருக்கும், நிம்மதி என்று நினைப்போம், பிறகு காரணமே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சீசாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சுத்தமா இருக்கும்மா. கல் இல்லை, சீழ் இல்லை, ஒண்ணுமே இல்லை. நரம்புத் தளர்ச்சிதான். நல்ல டானிக்கா எழுதித் தரேன், உடம்பு தேறினா எல்லாம் சரியாயிடும்." ஒன்றுமே இல்லை என்று கேட்டதும் நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். அவள் சந்தோஷப்படவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "ஒண்ணியும் இல்லன்னா அப்போ இன்னாயா இது?" என்று என்னைக் கேட்டாள். நான் டாக்டரா? திருதிருவென்று விழித்தேன். அதே கேள்வியை அவள் கண்ணால் இன்றைக்கும் கேட்கிறாள், நானும் அதே மாதிரிதான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஆரம்பித்த சீசாக்கள்தான். முதலில் அந்த டானிக். பிறகு மீன் எண்ணெய், ஈஸ்ட் மாத்திரை, யாரோ சொன்னார்கள் என்று எலும்பு சூப்பு. பக்கத்துப் போர்ஷன் மேரியக்கா பார்லி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் வாங்கிக் கஷாயம் வைத்தேன். வாழைத்தண்டைத் தட்டிச் சாறு பிழிந்தேன், என் வேட்டியெல்லாம் கறை. ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். "இன்னிக்குத் தேவலை" என்பாள். நானும் அந்தச் சீசாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் பழையபடி சுருண்டு படுப்பாள். எது கேட்டது, எது கேட்கவில்லை, தானாகவே தணிந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் புரியவில்லை. பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டும் கெடுதல் செய்யவில்லை என்று மட்டும் சொல்லலாம். கெடுதல் செய்யாததே எங்களுக்குப் பெரிய மருந்தாகிவிட்டது.

அப்போதுதான் உன் டப்பா வந்தது. அம்மா இளைத்துப்போய்விட்டாள் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, விட்டமின் மாத்திரை என்று கப்பல் தோஸ்த் ஒருவனிடம் கொடுத்தனுப்பினாயே, அது. தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று நுரைத்துக் கரைந்து ஆரஞ்சு நிறமாகும், குடித்தால் பல் கூசுகிற புளிப்பு. உன் அம்மா அந்த டப்பாவை எங்கே வைத்தாள் தெரியுமா? சாமி படத்துக்குப் பக்கத்தில். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன இடமெல்லாம், "எம் புள்ள சிங்கப்பூர்லேந்து அனுப்பிக்கீறான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். காம்பவுண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டு நுரைக்கிற வேடிக்கை காட்டுவாள். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை வாங்கி அனுப்பியது என்றால் எனக்கு மட்டும் கசக்குமா?

வலி கூடியது. முதலில் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. டப்பா தீர்ந்து, அடுத்தது வருவதற்குள் ஒரு இடைவெளி விழுமே, அந்த இடைவெளியில் அவள் நடமாடினாள். காசிமேடு வரை நடந்துபோய்ப் பேரம் பேசி மீன் வாங்கி வந்தாள். உன் அடுத்த டப்பா வந்தது, திரும்பவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். அதற்கடுத்த டப்பாவிலும் இதே கதை நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெதுவாகச் சொன்னேன். "அதக் குடிச்சா எரியுதுதானே? வுட்டுடேன்" என்றேன். அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எரியத்தான்யா எரியும். புண்ணுல மருந்து போட்டா எரியாதா? எரிஞ்சாத்தானே உள்ள கீறதெல்லாம் கயுவினு போவும்" என்றாள். பானையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகிறவள் அவள். புளிப்பு சுத்தம் செய்யும், சுத்தம் செய்யும்போது எரியும், எரிகிற அளவுக்கு உள்ளே அழுக்கு இருக்கிறது. இந்தக் கணக்கில் எந்த இடத்தில் தப்பு என்று என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. டாக்டரே ஒன்றுமில்லை என்று கையை விரித்த இடத்தில், நான் எதை வைத்து வாதாடுவது?

ஒரு தடவை டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினாள். அகப்பட்டதும் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், திட்டவில்லை, அழுதாள். "இத்தினி பேரு இத்தினி குட்த்தாங்கோ, ஒண்ணுத்துக்கும் ஆவல. எங் கொயந்த அனுப்பினதும் ஆவலன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் நான் எத்த நம்பிக்கினு கெடக்கறது?" என்று கேட்டாள். நானே மாத்திரையை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். சற்று நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்ய?

இதையெல்லாம் அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்றாலும், கடிதம் எழுதும்போது அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள், நான் எழுதுவேன். "மாத்திரை நல்லாக் கேக்குதுன்னு எய்து. தூர தேசத்துல தனியாக் கீறான், பேஜாராய்ப் போய்டுவான்" என்பாள். அவள் சொன்னதை எழுதுவேன். நீ சந்தோஷமாக அடுத்த டப்பா வாங்குவாய். இப்படி அவள் உன்னைக் காப்பாற்ற, நீ அவளைக் காப்பாற்ற, நடுவில் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலடிப்பேட்டையில் உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்ததையும் பாதிதான் எழுதினேன். பெண் மரகதம் லட்சணமானவள், அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், மரியாதையான குடும்பம். அது அத்தனையும் நிஜம். எல்லாம் பேசி முடிந்து, இனி கை நனைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம், தெரியுமே உனக்கு. பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வருவோம். பெண்ணின் அம்மா ஒரு செம்பு நிறைய எலுமிச்சம்பழச் சர்பத் கொண்டுவந்தாள். இலையில் நல்ல கெட்டியான புளிக் குழம்பு, வஞ்சிரம் மீன். வீட்டில் உன் அம்மா, மருந்து என்று குடிக்கிற அந்த மாத்திரையைத் தவிர, எரிச்சலுக்குப் பயந்து வேறு புளிப்பைத் தொடுவதில்லை. எனக்கு மீன் குழம்பு வைத்துவிட்டு, அவள் பாலும் சோறும் பிசைந்து சாப்பிடுவாள். சர்பத்தைப் பார்த்ததும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு மாமியாராகப் போகிறவள் முகம் விழுந்துவிட்டது. "இன்னா சம்பந்தி, எங்க வூட்ல கை நனைக்க மனசு இல்லியா? எங்க பொண்ணாண்ட எதுனா கொறை கண்டுகினீங்களா?" என்று கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து மரகதம் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன பதில் சொல்வது? எனக்கு இன்ன இடத்தில் வலி, புளிப்பு ஆகாது என்று அத்தனை பேர் நடுவில் ஒரு பெண்பிள்ளை சொல்ல முடியுமா? சொன்னால் அது என்ன வியாதியோ, ஒட்டுமோ, பரம்பரையில் வருமோ என்று காலடிப்பேட்டை முழுக்கப் பேச்சாகிவிடாதா? நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "கொறையாவது ஒண்ணாவது. லச்சுமி மாரி கீது கொயந்த" என்று சொல்லிவிட்டு, செம்பை எடுத்து முழுசும் குடித்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து வழித்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் முகத்தில் வெளிச்சம் வந்தது. உன் கல்யாணம் அங்கே, அந்த இலையில்தான் நிச்சயமாயிற்று.

திரும்பும்போது ஜட்காவில் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒதுங்க ஒரு மறைவு இல்லை. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர், எதிரே வேலை விட்டு வருகிற கூட்டம். வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணா. குலுக்காம ஓட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள். குதிரைக்கு அது புரியுமா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் நகம் என் கையில் பதிந்தது. துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்தால்கூட ஓடிப்போய்த் தோள் கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் வலியில் ஒரு பிடி அளவுகூட என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு அழுதேன். கண்ணில் தூசு என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை, அவள் என்னைப் பார்க்கிற நிலையில் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். பெண் வீட்டார் திருவொற்றியூரில் ஒரு சத்திரம் பேசியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கக்கூஸ், சமையல் கொட்டகையைத் தாண்டி, எச்சில் இலை போடுகிற இடத்தையும் தாண்டி, மதில் ஓரத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் அத்தனை ஜனங்களுக்கு நடுவே எத்தனை தரம் எழுந்து அங்கே போக முடியும்? சடங்கு நடுவில் மணையை விட்டு எழுந்தால் அபசகுனம் என்பார்கள். உட்கார்ந்தே இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "சாமியக் கும்புட்டுனு வூட்லயே கீறேன். ஜூரம்னு சொல்ட்டு நீ போய்ட்டு வா" என்கிறாள். பாத பூஜைக்கு நான் ஒற்றை ஆளாக நிற்க வேண்டும், பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது. ஒரே பிள்ளை நீ. நீ தாலி கட்டுவதைப் பார்க்கத்தான் அந்தச் சர்பத்தைக் குடித்தாள், அதையும் பார்க்க முடியாது என்றால் எதற்காக அத்தனை பாடு?

அதனால் ஒன்று கேட்கிறேன். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும், பந்தல் ராயபுரத்தில்தான் போட வேண்டும் என்று உன் மாமனாருக்கு நீயே எழுது. காரணம் கேட்டால் சொல்லாதே. என் இஷ்டம் என்று சொல். கப்பலில் போய்ச் சம்பாதிக்கிற திமிர் என்பார்கள், பெற்றவன் தூண்டிவிட்டான் என்பார்கள், மரகதமே மனசுக்குள் கோபித்துக்கொள்ளலாம். அந்தப் பழியை நீ தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே என்றால் எழுந்து போகிற தூரம் குறைவு. மேரியக்கா, கூட்டம் சேராமல் கொல்லைப் பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பந்தியில் அவளுக்குப் பால் சோறு வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், அவள் வீட்டு இலை அது. இவ்வளவு செய்தும் அன்றைக்குப் பார்த்து வலி பிடித்துக்கொண்டால், அப்போதும் உள்ளே படுத்துக்கொண்டு நாதசுரத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அதற்கு நான் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும், சொல். ஆனாலும் கதவைத் திறந்து வைத்தால் அங்கிருந்தே உன்னைப் பார்க்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு இதை மரகதத்திடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மாமியார் தன் சமையலை ஒதுக்குகிறாள் என்று அந்தப் பெண் தப்பாக நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று. நாளைக்கு உன் மனைவி இங்கே வலிக்கிறது என்பாள், டாக்டர் ஒன்றுமே இல்லை என்பார். நீ உன் மனைவியை நம்பு. நம்புவதால் வலி போகாது, அது எனக்குத் தெரியும். வலிக்கிறவளுக்குத் தன் வலியை நிரூபிக்கிற வேலையாவது மிச்சமாகும். தண்ணீர் குடி என்று சொல், அடக்காதே என்று சொல், முடிந்தால் தனிக் கக்கூஸ் உள்ள வீடாகப் பார். அப்பன் உனக்குச் சொல்லிவைக்க இதைவிட உயர்ந்த புத்திமதி இருந்தால் நன்றாக இருக்கும். இதுதான் இருக்கிறது.

இத்தனை எழுதுவதற்குள் அவள் வந்துவிட்டாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சாமி படத்துப் பக்கத்திலிருந்து டப்பாவை எடுத்து, டம்ளரில் ஒன்றைப் போட்டுவிட்டாள். கடைசி டப்பா, தீர்ந்துவிடுமே என்று சில நாளாகத் தொடாமல் வைத்திருந்தாள், அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. நுரைக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. "இன்னாயா, எனக்குத் தெரியாம எங்கொயந்தைக்கு இம்மாம் பெருசா எய்தினு கீற?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாண விஷயம் என்றேன். "மாத்திரை நல்லாக் கேக்குதுன்னு எய்து. அந்த வீரியம் ஜாஸ்தியான்து கீதே, அத்த ரெண்டு டப்பா எட்த்துனு வரச் சொல்லு" என்கிறாள். பேனா நகர்கிறதா என்று கண் வாங்காமல் பார்க்கிறாள். ஆகவே எழுதுகிறேன்: மாத்திரை நன்றாகக் கேட்கிறது. வீரியம் கூடினதில் இரண்டு டப்பா கொண்டு வா.

மேலே இருப்பதை எல்லாம் நீ படித்துவிட்டாய். வெறும் கையோடு வந்து நின்று அவள் முகத்தைப் பார்க்க உன்னால் முடியுமோ என்னவோ. என்னால் முடியவில்லை.

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மொதல்ல, எல்லாரும் நல்லாக் கீறோம்னு எய்தினியா?" என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, அந்த வரியை இங்கே எழுதுகிறேன்.

இங்கு அனைவரும் நலம்.

உன் நைனா